கப்பல் கறி

கறி வாங்குவதில் எந்தச் சிக்கலும் இல்லை. பேகம்பூரில் மீரான் பாயிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் தொடைக்கறியாகப் பார்த்து எடுத்து வைத்துவிடுவார். வெங்காயத்துக்குத் திண்டுக்கல்லில் பஞ்சம் என்று யாராவது சொன்னால் ஊர் சிரிக்கும். ரொட்டி, ஸ்டான்லி வேலை பார்க்கிற பேக்கரியிலேயே இருக்கிறது. பீரை யார் போய் வாங்குவது என்பதில்தான் அறிவுச்செல்விக்கு மண்டை காய்ந்தது.

ஸ்டான்லி போகக் கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை. போன வருசம் செபஸ்தியார் திருவிழாவில், ஊரே அசனச் சோற்றுக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அவள் புருசன் கோயில் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இனிமே ஒரு சொட்டு என் நாக்குல படாது" என்று சத்தியம் பண்ணியிருந்தான். அதை அன்றைக்கு நம்பியவர்கள் குறைவு. சத்தியம் பண்ணுகிறவர்களும் அடுத்த திருவிழாவுக்குள் அதை மறந்துவிடுகிறவர்களும் அந்தப் பக்கம் ஏராளம். ஸ்டான்லி மறக்கவில்லை. பேக்கரியில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தான். விடியுமுன் போய் மத்தியானம் வந்து படுத்துக்கொண்டான். பொழுது சாய்ந்தால் கை நடுங்க ஆரம்பிக்கும். அப்போது அறிவுச்செல்வி அவன் முன்னால் ஒரு முறம் பூண்டைக் கொட்டி உரிக்கச் சொல்லிவிடுவாள். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அந்த வருசம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்ற பூண்டு கொஞ்சநஞ்சமல்ல.

அக்கம்பக்கத்தில் யாரையாவது அனுப்பலாம் என்றால், அனுப்பத் தோதான ஆம்பளை ஒவ்வொருவனும் ஸ்டான்லியோடு உட்கார்ந்து குடித்தவன். எதிர்வீட்டுத் தங்கமுத்துவிடம் சொன்னால் பீரோடு சேர்த்துத் தம்ளரும் ஊறுகாயும் கொண்டுவந்து நிற்பான். மீரான் பாயிடமே கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டு, தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

இவ்வளவு வம்பு எதற்கு, ஒரு கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டுப் போகலாமே என்றால், கேட்டவள் ரீத்தா.

ரீத்தா அவர்களுக்கு ஒரே மகள். மூன்று வருசமாக வடமதுரையில், அறிவுச்செல்வியின் அண்ணன் சூசைமாணிக்கம் வீட்டில் இருந்து படித்தாள். அவள் அங்கே போனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அவளுக்கு அப்போது பதினாலு வயது. ஒரு கல்யாணத்துக்காக ஸ்டான்லி அவளை வத்தலக்குண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பும்போது, "இங்ஙனயே நில்லும்மா, செத்த நேரத்துல வாரேன்" என்று பஸ் ஸ்டாண்டில் அவளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனான். குடித்துவிட்டு வெளியே வந்து, நேரே திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான். மகளைக் கூட்டிக்கொண்டு போனதே அவனுக்கு மறந்துவிட்டது. பிள்ளை அங்கே பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து இருட்டுகிறவரை அழுதிருக்கிறாள். அப்பன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு மாமன் கடை போன் நம்பரைத்தான் சொல்லியிருக்கிறாள். சூசைமாணிக்கம் போய்க் கூட்டிக்கொண்டவர், திண்டுக்கல்லில் இறங்காமல் நேராக வடமதுரைக்கே கொண்டுபோய்விட்டார். அறிவுச்செல்வி அண்ணனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ரீத்தா அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். அப்பாவிடம் பேசுகிறாயா என்றால், "வேலை கெடக்குதும்மா" என்று வைத்துவிடுவாள். இப்போது பிளஸ் டூ முடித்துத் திண்டுக்கல் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. சூசைமாணிக்கம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"புள்ளை வடமதுரையில இருந்தே தெனமும் பஸ்ஸுல போயிட்டு வரட்டும்னுதான் எனக்கு இருக்கு. இருந்தாலும் ஞாயித்துக்கிழமை துணிமணியோடயே கூட்டிட்டு வாரேன். வீடு எப்படியிருக்கு, ஆளு எப்படியிருக்காருன்னு என் கண்ணால பாக்குறேன். பாத்துட்டுத்தான் விடுறதா திருப்பிக் கூட்டியாறதான்னு சொல்வேன்."

அவர் பேசி முடித்ததும் போனை வாங்கிய ரீத்தா, "அம்மா, அப்பாவைக் கப்பல் கறி செய்யச் சொல்லு" என்றாள்.

மூன்று வருசத்தில் அவள் அப்பனிடம் கேட்டது இது ஒன்றுதான். அறிவுச்செல்வி அதைச் சொன்னபோது ஸ்டான்லி கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

கப்பல் கறி என்பது ரீத்தா வைத்த பெயர். ஸ்டான்லி வருசக்கணக்காகச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். பெல்ஜியம் நாட்டில் அந்த்வெர்ப் என்ற துறைமுகத்துக்குப் போய் வருகிற கப்பல். அந்தக் கப்பலில் யோஸ் என்று ஒரு பெல்ஜியக்காரர் பெரிய சமையல்காரர். ஆள் ஆறடி. வாயைத் திறந்தால் வசவு. குளிர்காலத்தில் அவர் மாட்டுக்கறியைப் பெரிய பெரிய துண்டாக வெட்டி, வெண்ணெயில் வறுத்து, வெங்காயத்தைக் கருக்க வதக்கி, பீரை ஊற்றி மணிக்கணக்கில் வேக வைப்பார். மேலே கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டுகளைப் பரப்பி மூடிவிட்டால் ரொட்டி கரைந்து குழம்பு கெட்டியாகிவிடும். ஸ்டான்லி அதை அவரிடம் கற்றுக்கொண்டு, லீவில் வரும்போதெல்லாம் வீட்டில் செய்தான். சின்னப் பிள்ளையாக இருந்த ரீத்தா சட்டியை வழித்து நக்குவாள். அப்புறம் பீர் சட்டிக்குள் போனதைவிட ஸ்டான்லிக்குள் போனது அதிகமாகி, கப்பல்காரர்கள் அவனைக் கரையில் இறக்கிவிட்டார்கள். கப்பலோடு கப்பல் கறியும் நின்றுபோனது.

"பீர் இல்லாம தண்ணி ஊத்தி வச்சா ஆகாதா?" என்று அறிவுச்செல்வி கேட்டுப் பார்த்தாள்.

"ஆகும். அது கறிக்கொழம்பு. அவ கேட்டது அது இல்ல."

"கொதிச்சா போதையெல்லாம் ஆவியாப் போயிரும்னு முன்னாடி சொல்வீங்களே. அப்பக் கடைசியில ருசி பாத்தா ஒண்ணும் தப்பில்லைதான?"

"கொடிமரத்தத் தொட்டுச் சொன்னப்ப கொதிச்சது வேற, கொதிக்காதது வேறன்னு நான் பிரிச்சுச் சொல்லல, செல்வி. நான் ஆக்குறேன். நீ ருசி பாரு."

ஆக்குகிறவன் ருசி பார்க்காமல் ஆக்குவதா என்று அவளுக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய் வந்து, பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கிற நேரம் பார்த்து அவளே கிளம்பினாள். தெருமுனைக் கடையில் எல்லாம் தெரிந்த முகம். அதனால் யோசித்துப் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கடைக்குப் போனாள். அங்கே நிற்பவன் எல்லாம் வெளியூர்க்காரன், யாருக்குத் தன்னைத் தெரியப்போகிறது என்பது அவள் கணக்கு. கடை அப்போதுதான் திறந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தன் மடித்துக் கட்டியிருந்த கைலியை மரியாதையாக இறக்கிவிட்டான். "அக்காவுக்கு வழி விடுங்கப்பா, வீட்டுல என்ன அவசரமோ" என்றான் இன்னொருத்தன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போனாள். காது இரண்டும் சுட்டது.

"பீர் குடுங்க."

"ஸ்ட்ராங்கா, சாதாவா?" என்றார் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்.

ஸ்டான்லி இதைச் சொல்லி அனுப்பவில்லை. டீயென்றாலும் காப்பியென்றாலும் ஸ்ட்ராங்கு என்றால் ஒரு படி மேல் என்றுதான் அவளுக்குத் தெரியும். வருகிறது மகள். குறைந்ததை எதற்கு வாங்க வேண்டும்?

"ஸ்ட்ராங்காவே குடுங்க."

"கூலிங் வேணுமா?"

"வேணாம். அடுப்புல ஊத்தத்தான்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைவிட விசித்திரமான காரணமெல்லாம் கேட்டிருப்பார்.

ஸ்டான்லி சொன்னது இரண்டு பாட்டில். அவள் மூன்றாக வாங்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டுப் பழகிய கைக்கு எதையும் மட்டாக வாங்க வராது. பற்றாமல் போய்விட்டால் இன்னொரு முறை இந்த வரிசையில் வந்து நிற்க அவளால் ஆகாது என்பது இன்னொரு காரணம். கறுப்புக் கவரில் சுருட்டிக் கூடையின் அடியில் வைத்து, மேலே கறிவேப்பிலையைப் பரப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வீட்டில் ஸ்டான்லி கறியை வறுத்து முடித்திருந்தான். இஞ்சி கிடையாது, பூண்டு கிடையாது, மஞ்சள்தூள்கூடக் கிடையாது. அறிவுச்செல்விக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. கறியைக் கழுவிய கையோடு துணியில் ஒற்றி ஒற்றி ஈரமில்லாமல் துடைத்திருந்தான். பல்லாரி வெங்காயம் ஒரு மலை, வதங்கி வதங்கிக் கைப்பிடியாகி, பனங்கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. ஊற வைத்த கடுகும் வினிகரும் சேர்த்து அம்மியில் அரைத்த விழுது தயாராக இருந்தது.

"குடு" என்று கையை நீட்டினான்.

"நீங்க தொடவேணாம். நானே ஊத்துறேன்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். மூன்றாவது பாட்டிலை அவனுக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மற்ற இரண்டையும் வெளியே எடுத்தாள். திறப்பான் என்று வீட்டில் எதுவும் இல்லை. இருந்ததையெல்லாம் போன வருசமே அவள்தான் சாக்கடையில் வீசினாள். கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினாள். மூடி தெறித்து, நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடியது. அந்த வாடை சமையல்கட்டை நிறைத்தது. எத்தனை ராத்திரி அந்த வாடை பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஸ்டான்லி விறுவிறுவென்று கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

"ஊத்திட்டியா?" என்றான் அங்கிருந்தே.

"ஊத்திட்டேன்."

"நுரை அடங்குச்சா?"

"அடங்கிருச்சு, வாங்க."

வந்தான். பிரிஞ்சி இலையைப் போட்டுத் தணலைக் குறைத்தான். செத்த நேரம் கொதித்ததும், "பாரு" என்று அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டான். நக்கிப் பார்த்தவள் முகம் கோணியது.

"கசக்குது."

"செத்த கசக்கத்தான் செய்யும். எம்புட்டுக் கசக்குது?"

"வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி கசக்குது."

ஸ்டான்லி காலியான பாட்டிலைத் திருப்பி ஒட்டியிருந்ததைப் படித்தான். "ஸ்ட்ராங்கா வாங்குன?" என்றான். கோபமில்லாமல்தான் கேட்டான். ஆனால் அவன் குனிந்து, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மூன்று அறை நேர்வரிசையில் உள்ள வீடு அது. வாசலில் நின்றால் சமையல்கட்டு தெரியும். சூசைமாணிக்கம் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ரீத்தா, தோளில் பச்சை நிறப் பையோடு. மூன்று வருசத்தில் மாமனை விட உயரமாகிவிட்டிருந்தாள்.

"வடமதுரை பஸ்ஸ விட்டு எறங்கி டீ குடிச்சிட்டு நிக்கிறேன்" என்றார் சூசைமாணிக்கம். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எதுத்தாப்புல கடை. ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒரு பொம்பள நிக்கிறா. யாருடான்னு பாத்தா என் கூடப்பொறந்தவ. புருசனுக்கு வாங்கிக் குடுக்க நீயே போயி வரிசையில நிக்கிற அளவுக்கு ஆயிப்போச்சா?"

"அண்ணே, அது சட்டிக்கு வாங்குனதுண்ணே. கறியில ஊத்த."

"கறியில ஊத்துனது போக மிச்சம்?"

"ஒரு சொட்டு தொடல அவரு. வேணும்னா ஊதச் சொல்லி மோந்து பாருங்க!"

"வீடே நாறுது. இதுல யார் வாயை எங்கன்னு போயி மோந்து பாக்க?"

அது நியாயம்தான். அறிவுச்செல்விக்கு அழுகை முட்டியது. வெளியூர்க்காரன் நிற்கிற கடை என்று தேடிப் போன தன் புத்தியை நினைத்தாள்; வடமதுரை பஸ் வந்து நிற்கிற இடம் அதுதான் என்பது எப்படித் தோன்றாமல் போயிற்று?

ஸ்டான்லி இதே வாசலில், இதே மச்சானிடம், குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று எத்தனையோ தடவை சத்தியம் செய்திருந்தான். இப்போது உண்மையைச் சொல்ல அவனிடம் புதிதாக ஒரு வார்த்தை மிச்சமில்லை. பாட்டிலைக் கீழே வைத்தான்.

"வாங்க மச்சான், உக்காருங்க. அடிப்பிடிச்சிரும், நான் கிண்டிட்டு வந்துர்றேன்" என்றான்.

"ரீத்தா, பையக் கீழ வைக்காத" என்றார் சூசைமாணிக்கம்.

ரீத்தா பையைக் கீழே வைக்கவில்லை. தோளில் மாட்டியபடியே மாமனைத் தாண்டி உள்ளே வந்தாள். அப்பனிடமிருந்து நாலடி தள்ளி நின்று சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ரொட்டி போடலையா?"

"இன்னும் இல்லம்மா. கசப்ப எடுத்துட்டுத்தான் போடணும்."

"கசக்குதா?"

"அப்படித்தான் உங்கம்மா சொல்றா."

"நீங்க பாக்கலையா?"

"எனக்குக் கெடையாதும்மா" என்றான் ஸ்டான்லி.

ரீத்தா சற்று நேரம் அவனையே பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். ஸ்டான்லி கரண்டியால் ஒரு சொட்டு விட்டான். கரண்டி அவள் கையில் பட்டுவிடக் கூடாதே என்று அத்தனை பதனமாக விட்டான். அவள் நக்கினாள்.

"கசக்குது."

"எங்க கசக்குது? வாயில போட்டதுமா, முழுங்குன பொறகா?"

அவள் யோசித்தாள். "முழுங்குன பொறகு. தொண்டைக்குப் பக்கத்துல."

"அப்பச் சரி பண்ணிரலாம். செல்வி, கருப்பட்டி இருக்குதா?"

இருந்தது. தட்டிப் போட்டான். இன்னும் இரண்டு வெங்காயத்தை அரிந்து தனியே வெண்ணெயில் வதக்கிச் சேர்த்தான். ரொட்டித் துண்டுகளில் கடுகு விழுதைத் தடவிக் கறிக்கு மேலே பரப்பினான். தணலில் விட்டுவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து மகளின் உள்ளங்கையிலோ மனைவியின் உள்ளங்கையிலோ விட்டுக் கேள்வி கேட்டான். இனிப்பு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா? புளிப்பு தெரிகிறதா, தேட வேண்டியிருக்கிறதா? "நல்லாயிருக்கு" என்று சொன்னால் விடமாட்டான். "நல்லாயிருக்குன்னா என்ன அர்த்தம், வெவரமாச் சொல்லு" என்பான். சத்துணவு வேலையில் இத்தனை வருசம் ஆக்கிக் கொட்டிய அறிவுச்செல்விக்கே தன் நாக்கில் இத்தனை இடம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சூசைமாணிக்கம் உட்காரவில்லை. நடு அறை நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை குழம்பு தெறித்து ஸ்டான்லியின் மணிக்கட்டில் விழுந்தது. சமையல்காரன் கை, பழக்கதோசத்தில் நேரே வாய்க்குப் போயிற்று. உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றது. ஸ்டான்லி துண்டில் துடைத்தான். அது போதாதென்று குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவினான். யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை. பின்னால் மச்சான் நிற்பதே அவனுக்கு அப்போது நினைவில் இல்லை.

"எல்லாத்தையும் ஆத்தாளும் மகளுமே ருசி பாத்துட்டா, சமையக்காரருக்கு இங்க என்ன வேலை?" என்றார் சூசைமாணிக்கம்.

"கேக்குற வேலைதான் மச்சான்."

சூசைமாணிக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சாப்பிட உட்காரும்போது நேரம் நன்றாகத் தாண்டிவிட்டது. எல்லாருக்கும் அகோரப் பசி. கறி நாரில்லாமல் விரலில் பிட்டுக்கொண்டு வந்தது. குழம்பு கறுப்பாக, கெட்டியாக, இனிப்பும் புளிப்புமாக இருந்தது. கசப்பு எங்கோ அடியில் ஒளிந்திருந்தது. அது இருந்ததால்தான் இனிப்பு திகட்டவில்லை என்று அறிவுச்செல்விக்குத் தோன்றியது. கப்பலில் இதற்கு உருளைக்கிழங்கு பொரித்து வைப்பார்களாம். இங்கே சோறும், ஆசைக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கும். சூசைமாணிக்கம் முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டு, "என்னமோ ஒரு மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் இலையை நகர்த்தி இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். ரீத்தா சட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொள்ளாத குறைதான்.

அப்போதுதான் அவர் ஸ்டான்லியின் இலையைக் கவனித்தார். சோறு, ரசம், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய்.

"என்ன மாப்ள, நீங்க கறி வச்சுக்கலையா?"

"அதுல ஊத்தியிருக்குல்ல மச்சான்" என்றான் ஸ்டான்லி, ரசத்தைப் பிசைந்துகொண்டே.

சூசைமாணிக்கம் தன் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார். ரீத்தா எழுந்து போய் அப்பளம் ஒன்றை எடுத்துவந்து அப்பன் இலையில் வைத்தாள். ஸ்டான்லி அதை உடைக்காமல் கடைசிவரை ஓரத்திலேயே வைத்திருந்தான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டான்லி மச்சானுக்கு வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனான். அறிவுச்செல்வி பாத்திரம் கழுவிவிட்டு, ஒளித்து வைத்த பாட்டிலை யாரும் பார்ப்பதற்குள் கொல்லையில் கவிழ்த்துவிடலாம் என்று அரிசி டின்னை நகர்த்தினாள். அங்கே பாட்டில் இல்லை.

பருப்பு டப்பாவுக்குப் பின்னால் பார்த்தாள், அடுப்புக்கு அடியில் பார்த்தாள். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் பார்த்தாள். எங்கும் இல்லை. ஸ்டான்லியும் போய் நேரமாகிவிட்டது. வெற்றிலைக் கடை இருப்பது நாலு வீடு தள்ளி. கொல்லை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருசமாகச் சேர்த்த நம்பிக்கை கரைய இத்தனை நேரம்தானா என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. இரண்டு போதும் என்றவனிடம் மூன்றாவதை வாங்கி வந்து வைத்தவள் அவள்தானே.

ஸ்டான்லி கொல்லை வழியாகவே வந்தான். கையில் வெற்றிலைப் பொட்டலம். அவள் எழுந்து அவன் பக்கத்தில் போய், சட்டைக் காலரில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலத் தட்டிவிட்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. அசையாமல் நின்று, வாயைத் திறந்து ஒரு முறை ஊதினான். வெங்காய வாடையும் ரச வாடையும்தான் வந்தது.

"போதுமா? நல்ல வெத்தலை இல்லன்னு மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றான்.

"ஒரு பாட்டில் கூட வாங்கியிருந்தேங்க. டின்னுக்குப் பின்னாடி வச்சேன். காணோம்."

ஸ்டான்லியின் முகம் வெளுத்தது. "மூணாவது ஒண்ணு இருந்துச்சா? அத மச்சான் பாத்தா என்னைய நம்புவாரா, செல்வி?"

இருவரும் உள்ளே போனபோது சூசைமாணிக்கம் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார். செருப்பு மாட்டியாகிவிட்டது. தோளில் ரீத்தாவின் பச்சைப் பை தொங்கியது.

அறிவுச்செல்விக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அந்தப் பாட்டிலு நான் வச்சது. சத்தியமா அவருக்கு அது இருந்ததே தெரியாது. புள்ளையக் கூட்டிட்டுப் போயிராதீங்கண்ணே."

"அவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் சூசைமாணிக்கம். "அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிற புத்தி யாருக்கு வரும்? சின்னப்புள்ளையில நீ மாங்காயக்கூட அங்கதான ஒளிப்ப. தண்ணி மோந்து குடிக்க வந்தேன், கண்ணுல பட்டுச்சு."

பிடித்திருந்த பையில் துணிமணியின் கனம் இல்லை என்பது அப்போதுதான் அறிவுச்செல்விக்கு உறைத்தது. ஒரே ஒரு சாமான் அடியில் உருண்டது.

"அம்மா, என் துணியெல்லாம் எந்த அலமாரியில வைக்க?" என்று உள்ளறையிலிருந்து ரீத்தாவின் குரல் கேட்டது.

"புள்ளையையும் இதையும் ஒரே வீட்டுல விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல" என்றார் சூசைமாணிக்கம். "அதான் ரெண்டுல ஒண்ண எடுத்துட்டுப் போறேன்."

அறிவுச்செல்வி வாரை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டான்லி வெற்றிலைப் பொட்டலத்தை நீட்டினான். வாங்கிக்கொண்ட சூசைமாணிக்கம் உடனே போய்விடவில்லை. தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டு சொன்னார்.

"நாளைக்குக் காலேஜ் தொறக்குது, மாப்ள. மொத நாளு நீங்களே பஸ்ஸுல கூட்டிட்டுப் போங்க."

"சரி மச்சான்."

"திரும்பவும் கூட்டிட்டு வாங்க."

ஸ்டான்லி தலையை ஆட்டினான். சூசைமாணிக்கம் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். ரீத்தா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அம்மாவைக் கூப்பிடவில்லை.

"அப்பா, எந்த அலமாரின்னு கேட்டேன்ல?"

"இந்தா வாரேம்மா" என்று ஸ்டான்லி உள்ளே போனான்.